ரப்பர் முறிந்த விளையில் காடு வருமா?

கேள்வி: 5 ஜூன் 2022

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேற்கே எங்களுக்கு 80 சென்ட் விளை (தோட்ட நிலம்) இருக்கிறது. அப்பா வைத்த ரப்பர். ஒக்கிப் புயலில் பாதிக்கு மேல் முறிந்துவிட்டது. மிச்சம் நிற்பதில் பால் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வருகிற காசு கூலிக்கே சரியாகிவிடுகிறது. மறுபடியும் ரப்பர் வைக்க மனசில்லை. இதைப் பழையபடி காடாக்க முடியுமா? மியாவாக்கி முறையில் நெருக்கமாக நட்டால் சீக்கிரம் காடாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். மீதி ரப்பரையும் பிடுங்கி, நிலத்தைச் சுத்தமாக்கி, இந்த மழையிலேயே நட்டுவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 5 ஜூன் 2022, இரவு

சுத்தமாக்காதீர்கள். ஜேசிபிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்யுங்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

6 ஜூன் 2022

பொன்மனைக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் பத்து சென்ட். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்து ஓய்ந்தபோது அதில் நேராக நின்ற ரப்பரை விரல் விட்டு எண்ணலாம். தடியை விற்றேன். அப்புறம் பிப்ரவரியில் ஜேசிபி விட்டு மூடு (அடிமரம்), வேர், புதர் எல்லாவற்றையும் வாரி எல்லையில் குவித்தேன். நிலம் நெல் அடிக்கிற களம் மாதிரி ஆனது. பார்க்கத் திருப்தியாக இருந்தது. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிய முதல் வாரத்தில் விளையிலிருந்து தோட்டுக்கு (ஓடைக்கு) இறங்கிய தண்ணீர் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் ஓடியது. ஓடியது அத்தனையும் மேல்மண். வரப்பு போட்டேன், சாக்கில் மண் கட்டி அடுக்கினேன், பாதியைக்கூடத் தடுக்க முடியவில்லை.

அந்த ஜூனில் 600 கன்று நட்டேன். அடுத்த மார்ச்சில் எண்ணியபோது 230 சொச்சம் உயிரோடு இருந்தது.

வடக்கு மூலையில் ஒரு பாறை இருக்கிறது. அதைச் சுற்றி மூன்று நான்கு சென்ட் அளவுக்கு ஜேசிபி போக முடியவில்லை. அங்கே நான் ஒன்றும் நடவில்லை, தண்ணீர் விடவில்லை. 2020 கடைசியில் அங்கே வட்டை மரம் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் நிழலில் தெரளி, ஏழிலைப்பாலை, தான்றி, காஞ்சிரம் எல்லாம் தானாக முளைத்திருந்தன. காசு செலவழித்த ஒரு ஏக்கரைவிட அந்த மூலைதான் காடு மாதிரி இருந்தது.

ஆகவே உங்கள் 80 சென்டில் முதல் வேலை, இப்போதே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பது. ரப்பர் தோட்டத்துக்கு அடியில் ஒன்றும் இருக்காது என்று நினைக்காதீர்கள். ஒக்கிக்குப் பிறகு நாலரை வருஷம் வெளிச்சம் விழுந்திருக்கிறது.

7 ஜூன் 2022

மியாவாக்கி பற்றி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்று வைத்தாலும் ஒரு சென்டுக்கு 120. உங்கள் 80 சென்டுக்கு 9,700 கன்று. குழி, எரு, கூலி, இரண்டு மூன்று வருஷம் தண்ணீர். நாலு சென்ட் பள்ளிக்கூட மூலைக்கு, ஊருக்குள் கிடக்கும் குப்பைமேட்டுக்கு இது சரி. மலையடிவாரத்தில், ஆண்டுக்கு இரண்டு பருவமழை கிடைக்கிற இடத்தில், கிட்டத்திலேயே காடு நிற்கும்போது இவ்வளவு எதற்கு?

அகிரா மியாவாக்கி மேல் எனக்குக் குறை இல்லை. போன வருஷம் ஜூலையில்தான் காலமானார். அந்த மண்ணுக்கு உரிய மரம் எது என்று தெரிந்துகொள்ள அவர் போய்ப் பார்த்த இடங்களில் முக்கியமானவை ஜப்பானில் கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விட்ட பழைய சோலைகள். நம் ஊர்ச் சொல்லில் காவு. அவரிடமிருந்து நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காவை விட்டுவிட்டோம். நாகர் காவும் சாஸ்தா காவும் இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் குறைவு. உங்கள் ஊர்க் காவில் என்ன மரம் நிற்கிறது என்று ஒரு நாள் போய் எழுதிக்கொண்டு வாருங்கள். நடவேண்டிய மரங்களின் பட்டியலில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

வட தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகத்தார் 1994 முதல் ஒரு முறையைச் செய்துவருகிறார்கள். இருபது முப்பது வகை உள்ளூர் மரம், ஏறக்குறைய ஆறடி இடைவெளி, ஹெக்டேருக்கு 3,100 கன்று. உங்கள் அளவுக்கு ஆயிரம் வரும். அதிலும் தானாக முளைத்து நிற்பதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும்தான் நடுவார்கள். சீக்கிரம் வளர்ந்து நிழல் தந்து களையை அடக்குகிற மரம், பறவையையும் வௌவாலையும் கூப்பிடுகிற மரம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதியைப் பறவை கொண்டுவரும்.

19 ஜூன் 2022

“முளைத்திருப்பதை எப்படி அடையாளம் காண்பது, எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தெரியாது. நான் செய்த பெரிய பிழை அதில்தான்.

2019 ஆகஸ்டில் களை இடுப்பளவு வந்துவிட்டது. காடு வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் வெட்டினேன். இரண்டாம் நாள் மதியம் பேச்சிப்பாறைக்கு மேலே குடியிருப்பில் இருக்கிற ஒரு காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் தேன் கொடுக்க வந்தவர் வேலியோரம் நின்று பார்த்தார். “மெஷினை நிறுத்து மக்ளே” என்றார். வெட்டிப்போட்ட குப்பையைக் கையால் விலக்கி ஒரு விரல் கனமுள்ள தண்டைக் காட்டினார். தெரளி. இரண்டடி தள்ளி இன்னொன்று, வேங்கை. அப்புறம் நாவல். எல்லாம் கணுக்காலுக்குக் கீழே சீவி எறியப்பட்டிருந்தன.

மீதி வெட்டாத இடத்தில் அவரே இறங்கினார். வாழைநாரைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு, புதருக்குள் குனிந்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, சிலதைக் கசக்கி மோந்து, மரக்கன்று என்று தெரிந்ததில் எல்லாம் நார் கட்டிக்கொண்டே போனார். அரைமணி நேரத்தில் நாற்பத்துச் சொச்சம். நான் பார்த்த இடத்தில் கம்யூனிஸ்ட் பச்சை, உண்ணிச்செடி என்ற களைகள்தான் தெரிந்தன. கூலி கொடுத்தேன், வாங்கவில்லை. கட்டன்சாயா மட்டும் குடித்தார்.

அன்றிலிருந்து மெஷின் கிடையாது. ஒரு முழக் கம்பு, நுனியில் சிவப்புத் துணி. கன்று தென்பட்ட இடத்தில் கம்பை ஊன்றிவிட்டு, சுற்றி ஒரு கை நீளத்துக்கு மட்டும் களையைக் கையால் பிடுங்கி, பிடுங்கியதை அதன் மூட்டிலேயே மூடாக்காகப் போடுகிறேன். மழைக்காலத்தில் ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. முதல் மூன்று வருஷம் இதுதான் வேலை. நடுவது இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது.

3 ஜூலை 2022

தோவாளையிலிருந்து எழுதிய அண்ணனுக்கு: நான் சொன்னதை உங்கள் இடத்தில் செய்யாதீர்கள். குலசேகரமும் உங்கள் பக்கத்து ஆரல்வாய்மொழியும் ஒரே மாவட்டம்தான், மண்ணும் மழையும் வேறு. கணவாய்க் காற்றில் முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிறது. அந்தக் காற்றில் தெரளியும் அயினியும் என்ன பாடு படும்? உங்கள் பக்கத்துக்கு உசிலை, வெள்வேல், இலந்தை, விராலி, வாகை, ஆல். இன்னொன்று, நீங்கள் தரிசு என்று எழுதியிருக்கிற பொற்றை (சிறு குன்று) உண்மையில் தரிசுதானா? முள்ளும் புல்லும் குத்துச்செடியுமாக இருப்பதே அந்த இடத்தின் இயல்பாக இருக்கலாம். அதில் குழி தோண்டி மரம் வைப்பது அங்கே இருக்கிற உயிர்களுக்குக் கெடுதல். வெட்டப்பட்ட பழைய மூடுகள் அங்கங்கே தளிர்த்து நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் ஆடு கடிக்காமல் இரண்டு வருஷம் வேலி போட்டாலே போதும்.

மரம் வந்த பிறகு கிணற்றில் தண்ணீர் கூடியதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு: ஆம், கிணற்றில் மாற்றம் தெரிகிறது. 2018 மே மாதம் தரை தெரிந்தது. இந்த மே மாதம் இடுப்பளவு தண்ணீர். காடு தருகிற தண்ணீர் இது.

(இந்தக் கடைசி வரி தவறு. 14 மே 2023 குறிப்பைப் பாருங்கள்.)

11 ஜூலை 2022

மலையை மொட்டையடித்தவர்கள் ரப்பர்த் தோட்டத் தொழிலாளிகள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை அப்படியே விட முடியாது. அசம்பு மலையில் காப்பிக்காகக் காட்டை வெட்டிய வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் 1860-களிலேயே வந்துவிட்டார்கள். அப்போது இது திருவிதாங்கூர். காப்பி நோயில் போனது. அப்புறம் தேயிலை, கிராம்பு, ரப்பர். அரசு ரப்பர் கழகம் 1984-ல் வந்தது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கிளம்பி வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. கீரிப்பாறையிலும் மணலோடையிலும் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர்கள் அவர்கள். தலைமுறையாக இருந்த ஊரிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் மேல் காட்டின் பழியையும் ஏற்றாதீர்கள். இனி காட்டைத் திரும்பக் கொண்டுவர ஆள் தேவைப்பட்டால் அந்த மலையை நடந்து அறிந்தவர்கள் அவர்களும் காணிக்காரர்களும்தான். கூலியும் அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

2 செப்டம்பர் 2022

கொடிப்பயறு! ரப்பருக்கு இடையில் மண்ணை மூடுவதற்கு விதைக்கிற மியூக்குனா. நீங்கள் அனுப்பிய விளைப் படத்தில் இடது ஓரம் தெரிகிறது. வெள்ளிக்கிழமை சரியாக இருந்த கன்றை அடுத்த வெள்ளி தேடினால் பச்சைக் குவியலாகத்தான் தெரியும். என் விளையில் ஒரு நாவல் கன்றை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைத் தாண்டி, பக்கத்துக் கம்பைப் பிடிக்கக் காற்றில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் கன்றும் சேர்ந்து வந்துவிடும். மூட்டில் அறுத்துவிட்டு மேலே தானாகக் காய விடுங்கள். கணுவில் வேர் விட்ட இடத்தை மட்டும் தோண்டி எடுங்கள். மழை விட்ட மறுநாள் எடுத்தால் மண் விட்டுக்கொடுக்கும்.

அப்புறம் இது ரப்பர் காய் வெடிக்கிற மாதம். பட் பட்டென்று கேட்கும். சின்ன வயதில் அந்தக் கொட்டையைப் பொறுக்கிச் சட்டைப்பையை நிரப்பியிருக்கிறோம். இப்போது முளைப்பதற்கு முன்னால் பொறுக்குகிறேன், அதே மாதிரி சட்டைப்பையில்தான்.

1 அக்டோபர் 2022

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் போன வாரம் 24-ம் தேதி தொடங்கியிருக்கிறார்கள். மாநிலத்தில் காடும் மரமும் மூடிய பரப்பை, பத்து வருஷத்தில் 23.7 சதவீதத்திலிருந்து 33 ஆக்குவது இலக்கு. மனசார வரவேற்கிறேன். ஆனால் நம் மாவட்டத்தில் 402 சதுர கிலோமீட்டர் 2008 முதல் சரணாலயம். மாவட்டப் பரப்பில் ஏறக்குறைய கால்வாசி. அதன் விளிம்பில் இருக்கிற உங்களையும் என்னையும் போன்றவர்களின் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் விளைகள் கன்று கேட்பதைவிடக் களை எடுக்கக் கூலி கேட்கின்றன. மூன்று வருஷத்துக்கான பராமரிப்புப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தால் நட்டதில் பெரும்பகுதி நிற்கும்.

9 பிப்ரவரி 2023

என்னையே திருத்திக்கொள்கிறேன். நிற்கிற ரப்பரை வெட்டவே வேண்டாம் என்று உங்களிடம் போனில் சொன்னேன். நேற்று மதியம் உங்கள் விளையில் நின்றபோது என் தலையில் வெயில் நேராக அடித்தது. ரப்பர் தை, மாசியில் இலை கொட்டும் என்பது எனக்குத் தெரியாததா? வருஷத்திலேயே ஈரம் குறைந்த நாட்களில் அது குடையை மடக்கிவிடுகிறது. தெரளிக் கன்றுகளின் இலை ஓரம் கருகியிருந்தது.

அதனால் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ரப்பரை இப்போதைக்கு விடுங்கள், பெரிய மழையில் மண்ணைப் பிடிக்க அது வேண்டும். இடையில் வட்டையை வர விடுங்கள். வட்டை தடிக்கு உதவாத மரம் என்று பக்கத்துக்காரர் சொன்னாலும் வெட்டாதீர்கள். வட்டை ரப்பரின் பாதி உயரம் வந்ததும் வருஷத்துக்கு ஐந்தாறு ரப்பராக, பட்டையை வளையமாகச் சீவி, நின்றபடி பட்டுப்போக விடுங்கள். சாய்த்தால் கீழே இருக்கிற கன்று நசுங்கும். பாதையோரம், வீட்டோரம் மட்டும் ஆள் வைத்து இறக்கிவிடுங்கள். பட்ட மரம் முறிந்து யார் மேலாவது விழக்கூடாது.

14 மே 2023

கிணறு. போன வருஷம் எழுதியதைப் பெருமையோடு எழுதினேன், அது தவறு. இந்த மே மாதம் முழங்காலளவுதான் இருக்கிறது. மரம் ஒரு வருஷம் கூடுதலாக வளர்ந்திருக்கிறது, தண்ணீர் குறைந்திருக்கிறது. 2021 நவம்பரில் மாவட்டமே மிதந்ததே, ரயில் பாதை அரித்துப் போனதே, போன வருஷம் கிணற்றில் பார்த்தது அந்தத் தண்ணீர்.

வேகமாக வளர்கிற இளமரம் தண்ணீரை நிறைய உறிஞ்சும். முதல் சில வருஷம் ஊற்று குறையவும் கூடும். மண் திறந்து மழையை உள்ளே வாங்குவது மெதுவாக நடக்கிற காரியம். வேர் ஓடி, இலை மக்கி, மண்புழு வந்து துளைக்க வேண்டும். எனக்கு நிச்சயமாகத் தெரிகிற மாற்றம் ஒன்று உண்டு: மழையில் விளையிலிருந்து இறங்குகிற தண்ணீர் இப்போது தெளிந்து இறங்குகிறது. தண்ணீர் வரும் என்று சொல்லி யாரையும் மரம் வைக்கத் தூண்டாதீர்கள். வராத வருஷத்தில் மரத்தின் மேல் கோபம் வரும்.

27 நவம்பர் 2023

நேற்று திருக்கார்த்திகை. முதல் தடவையாகச் சந்தையில் தெரளி இலை வாங்கவில்லை. பாறை மூலையில் மெஷினுக்குத் தப்பிய மரத்திலிருந்து, ஒரு கொம்புக்கு நாலு இலைக்கு மேல் எடுக்காமல், மகள் பறித்தாள். வறுத்த அரிசிமாவும் கருப்பட்டியும் ஏலமும் தேங்காய்த் துருவலும் பிசைந்து இலையைக் கும்பிளாக்கி அம்மா அவித்தார்கள். இட்லிச்சட்டியைத் திறந்தபோது வந்த வாசம் அடுத்த வீடு வரைக்கும் போனது. வாங்குகிற இலையில் இவ்வளவு வாசம் வந்ததாக நினைவில்லை. அம்மாவும் அதையே சொன்னார்கள்.

இதற்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு. மார்த்தாண்டத்து அக்கா “இதனால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம்” என்று கேட்டிருந்தார்கள். அக்கா, முதல் பதில் இந்தக் கொழுக்கட்டை. (பாம்பு பற்றி: ரப்பரிலும் இருந்தது. இரவு விளைக்குப் போக வேண்டாம், பகலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.)

21 டிசம்பர் 2023

17, 18 தேதி மழை. திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் நம்முடையதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் விளையில் 2018-ல் நட்டதில் பதினொரு மரம் சாய்ந்தது. தானாக முளைத்ததில் ஒன்றும் சாயவில்லை.

சாய்ந்த ஒரு மருதைப் புரட்டி வேரைக் கழுவிப் பார்த்தேன். கயிற்றைச் சுருட்டி வைத்த மாதிரி, கன்று வந்த பிளாஸ்டிக் பையின் வடிவத்திலேயே வேர் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தது. ஐந்து வருஷமாக மேலே பன்னிரண்டடி வளர்ந்த மரம், கீழே பையை விட்டு வெளியே வரவில்லை. ஆணிவேர் பையின் அடியில் முட்டி மேல்நோக்கி வளைந்திருந்தது. ஒரு நர்சரியில் விலை குறைத்துத் தருகிறார்கள் என்று இரண்டு வருஷம் பையிலேயே நின்ற கன்றுகளை வாங்கியதால் வந்தது. உயரமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

வாங்கினால் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். சுற்றியிருந்தால் அந்தச் சுற்றைப் பிளேடால் வெட்டிவிட்டு நடுங்கள். அதைவிட விதையாகவே ஊன்றுவது நல்லது.

4 ஆகஸ்ட் 2024

நின்றபடி பட்டுப்போன ரப்பரைப் பற்றி ஒரு நல்ல செய்தி. விளையின் நடுவில் ஒன்று, உச்சி முறிந்து இரண்டு கொம்போடு நிற்கிறது. காலையில் அதில் குக்குறுவானும் கொண்டைக்குருவிகளும் மாறி மாறி உட்காரும். அதன் அடியைச் சுற்றி எட்டடிக் கயிறு போட்டு, மகளும் நானும் ஞாயிற்றுக்கிழமை முளைகளை எண்ணினோம். அவள் சாக்பீஸ் தூளை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே வந்தாள், இரண்டு தடவை எண்ணாமல் இருக்க. 63. பெரும்பாலும் வட்டை. அத்தி இனத்தில் ஏழு, நாவல் மூன்று, இன்னும் இலை விரியாததால் பெயர் தெரியாதது பத்துப் பன்னிரண்டு. அதே அளவு கயிற்றை வெட்டவெளியில் போட்டு எண்ணினால் நாலு.

சூண்டப்பனை (கூந்தல்பனை) முளை ஒன்று இருந்தது. அந்தக் காயைக் குருவி விழுங்காது. மரநாய் இரவில் வந்து எச்சமிட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அது வருகிறது என்று தெரிந்ததில் எனக்கு இரண்டு நாள் தூக்கம் சரியாக இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

12 ஆகஸ்ட் 2024

கார்பன் பணம் (மரம் கரியமிலவாயுவைப் பிடித்து வைப்பதற்குக் கிடைக்கிற பணம்) பற்றிக் கேட்டவருக்கு: ஒரு ஏக்கருக்கு அந்தக் கணக்கை எழுதி அளக்கிற செலவே வருமானத்தைத் தின்றுவிடும். அதை நம்பி இறங்காதீர்கள்.

23 மார்ச் 2025

காவிலிருந்து விதை எடுப்பது பற்றி ஒரு தாத்தா வருத்தப்பட்டு எழுதியிருந்தார். காவில் ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம், அதை மீறாதே என்று. சரிதான் தாத்தா. அந்த வழக்கத்தால்தானே அந்த மரங்கள் இன்றைக்கு நிற்கின்றன. நான் உள்ளே போவதில்லை. எங்கள் ஊர்க் காவின் இலஞ்சியும் புன்னையும் மதிலைத் தாண்டித் தார்ரோட்டில் கொம்பை நீட்டியிருக்கின்றன. விழுகிற காய் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிப் போகும். காலை முதல் பஸ் வருவதற்கு முன்னால் ரோட்டில் கிடப்பதை மட்டும் தூத்து அள்ளிக்கொள்கிறேன். மதில் ஓரம் உள்ளே கிடப்பதைத் தொடுவதில்லை.

18 மே 2025

கேள்வி கேட்ட தம்பியின் விளைக்குப் போய்வந்தேன். மூன்று வருஷத்தில் அவர் நட்டது 310 கன்று. கம்பு ஊன்றி வைத்திருக்கிற தானாக முளைத்தது 700-க்கு மேல். நடுவில் நின்றால் ரோடு தெரியவில்லை. தெற்கு ஓரத்தில் கொடிப்பயறு இன்னும் இருக்கிறது தம்பி, அந்த ஓரத்தில் அயினி ஒன்றுகூட இல்லை.

எங்கள் வீட்டு அயினியில் சக்கை (பலா போன்ற பழம்) பழுத்து விழ ஆரம்பித்துவிட்டது. அணிலும் வௌவாலும் தின்றது போக ஒரு முறம் கொட்டை கழுவி நிழலில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வறுத்துத் தின்னக் கேட்டு நிற்கிறார்கள், கால்வாசி கொடுத்துவிட்டேன். பலாக்கொட்டை மாதிரிதான் இதுவும், காய்ந்தால் முளைக்காது, வைத்திருந்து மழைக்கு ஊன்றலாம் என்று நினைக்க முடியாது. ஈரச் சாக்கில் சுற்றி வாசல் திண்ணையில் வைத்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வரும்போது ஒரு மூடி உள்ள டப்பா கொண்டுவாருங்கள், பஸ்ஸில் காற்று படக்கூடாது.